பழனி மலையில் புல்லைத் தேடி

செவ்வாய்: வத்தலகுண்டு முதல் பெருமாள்மலை வரை

செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரித்த நிலப்போர்வை வரைபடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் அது வண்ணம் வண்ணமாகப் பிரித்துக் காட்டுகிறது. இது சோலை (மலைப்பள்ளங்களில் வளரும் குட்டையான, என்றும் பசுமையான காடு), இது சீகைத் தோப்பு (ஆங்கிலத்தில் வாட்டில் என்னும் மரம்), இது பைன், இது புல்வெளி, இது பூண்டு வயல் என்று. அந்த வண்ணங்கள் சரிதானா என்று ஒவ்வொரு இடமாக நேரில் போய்ப் பார்ப்பதுதான் இந்த வாரம் எங்கள் வேலை. நான், தாவரவியல் படித்த தோழி, ஜீப் ஓட்டும் அண்ணன் ஆகிய மூவரும் கிளம்பியிருக்கிறோம். காட்டுக்குள் போகும் நாட்களில் வனத்துறைக் காவலர் ஒருவர் கூட வருவார். இரவில் சிக்னல் கிடைத்தால் அன்றன்றைக்கு எழுதிவிடுவதாகத் திட்டம்.

காமக்காபட்டி சோதனைச் சாவடி தாண்டியதும் மலைப்பாதை. அடிவாரத்தில் முட்புதர். கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு. பிப்ரவரி என்பதால் பாதி மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. இன்னும் மேலே, ஊத்து, பெருமாள்மலைப் பக்கம், காப்பித் தோட்டங்கள். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் தலைக்கு மேல் சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை என்று மரங்கள் நெருங்கி நிற்கின்றன. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். விண்வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு அடியில் இருக்கும் காப்பி தெரியாது, மேலே இருக்கும் இலைதான் தெரியும்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உலகம் முழுவதற்கும் 10 மீட்டர் நுணுக்கத்தில் வெளியிட்ட வேர்ல்டுகவர் வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போனில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் மொத்தம் 11 வகைகள். மரப்போர்வை என்பது அவற்றில் ஒன்றே ஒன்று. இந்தக் காப்பித் தோட்டமும், மேலே இருக்கும் சோலையும், பைன் தோப்பும், தைல மரத் தோப்பும் அதில் ஒரே பச்சை. உலகத்தையே ஒரு பார்வையில் பார்க்க அது மிக உதவியான வரைபடம்; 2021-ஆம் ஆண்டுப் பதிப்பின் துல்லியம் 76.7 சதவீதம் என்று தயாரித்தவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஆனால் பழனி மலையில் எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எந்த விலங்கு எங்கே மேயும் என்று தெரிந்துகொள்ள அந்தப் பச்சை போதாது. அதனால்தான் இந்த மலைக்கென்று தனி வகைகளோடு ஒரு வரைபடம் தேவைப்படுகிறது.

இன்றைக்குக் காப்பித் தோட்டப் புள்ளிகளை மட்டும் முடித்துவிட்டுக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம். 2,100 மீட்டர் உயரம். நல்ல குளிர்.

புதன்: வட்டக்கானல், பாம்பார் சோலை

காலையில் புல் நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெயில் ஏறியதும் கரைந்துவிட்டது. இந்த உறைபனிக்கும் எங்கள் வேலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, சொல்கிறேன்.

முதலில் வேலை நடக்கும் விதம். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு வகையிலும் இத்தனை புள்ளி என்று கணினி குலுக்கல் முறையில் எடுத்துத் தருகிறது. சாலையோரமாக வசதியான இடங்களை நாமே பொறுக்கிக்கொண்டால் வரைபடம் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். போனில் கியூஃபீல்டு செயலியைத் திறந்தால் புள்ளி தெரியும், அதை நோக்கி நடக்க வேண்டியதுதான். நாங்கள் பயன்படுத்தும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சோலையும் புல்லும் சந்திக்கும் விளிம்பில் ஒரே கட்டத்துக்குள் இரண்டும் கலந்துவிடும். எந்த இடம் எந்த வகை என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்கான புள்ளிகள் என்றால் விளிம்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிற்கிறோம். சரிபார்ப்பதற்கான புள்ளிகள் எங்கே விழுகின்றனவோ அங்கேயேதான், விளிம்பானாலும். நான்கு திசைக்கும் ஒவ்வொரு படம், தலைக்கு மேலே ஒரு படம், மரங்களின் பெயர், நிலத்தின் சரிவு, தீப்பட்ட அடையாளம், மேய்ச்சல் தடம் எல்லாம் குறித்துக்கொள்கிறோம்.

பாம்பார் சோலைக்குள் நுழைந்ததும் ஜிபிஎஸ் தடுமாறத் தொடங்கியது. இலைக்கூரை அவ்வளவு அடர்த்தி. மரங்கள் உயரமில்லை; முறுக்கிக்கொண்டு வளர்ந்த தண்டுகள், அவற்றின் மேல் பாசி, பாசியின் மேல் ஆர்க்கிட், ஓடைக்கரையில் மரப்பெரணி. தோழி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத செடிகள் இங்கே உண்டு. எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரம் அவற்றில் ஒன்று. தென்னிந்திய மலைகளின் தாவரங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளாஸ்கோவின் பெயர் அதற்கு. அவர் பணியாற்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்தான் 1961-இல் கன்னியாகுமரித் தாள் என்ற தாவர வரைபடத்தை 1:10,00,000 அளவில் வெளியிட்டது. செயற்கைக்கோள் படங்கள் இல்லாத காலத்தில் கால்நடையாகப் போய்ப் பார்த்து வரைந்தது. நாங்கள் இப்போது செய்வது அந்த வேலையின் தொடர்ச்சிதான் என்று நினைக்கும்போது மரியாதை கூடுகிறது.

மேலிருந்து எடுத்த படத்தில் சோலையை அடையாளம் காண்பது பழகிவிட்டால் சிரமமில்லை. ஒவ்வொரு மரமும் வெவ்வேறு இனம், வெவ்வேறு பச்சை, தளிர் விடும்போது சில மரங்கள் செம்பு நிறம். மொத்தத்தில் கொடைக்கானல் சந்தையில் கொட்டி வைத்த காலிஃபிளவர் குவியலின் மேற்பரப்பு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தோப்பு என்றால் ஒரே வயது, ஒரே உயரம், வழவழப்பான பரப்பு. கணினிக்கு இதைக் கற்றுக்கொடுக்க நிறம் மட்டும் போதாது, பரப்பின் சொரசொரப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள அலைவரிசைகளையும் சென்டினல்-2 பதிவு செய்வது இதில் பெரிய உதவி.

இனி உறைபனி. சோலை மரங்களின் கன்றுகள் உறைபனியைத் தாங்குவதில்லை. சோலை, பள்ளங்களிலும் ஓடை ஓரங்களிலும் மூடிய கூரைக்குக் கீழே தன்னைக் காத்துக்கொள்கிறது. திறந்த மேட்டில் விழுந்த விதை முளைத்தாலும் குளிர்காலத்து இரவுகளில் கருகிவிடுகிறது. அதனால் மேடெல்லாம் புல், பள்ளமெல்லாம் சோலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ள உயர்ந்த உச்சிகளில் இதுதான் இயல்பான அமைப்பு. இந்தப் புல்வெளியெல்லாம் மனிதர்கள் காட்டை வெட்டியதால் உண்டானவை என்று ஒரு நம்பிக்கை நெடுநாள் இருந்தது. நீலகிரியின் சதுப்பு நிலப் படிவுகளில் கார்பன் ஐசோடோப்புகளை (அங்கே வளர்ந்தது புல்லா மரமா என்று காட்டிக்கொடுக்கும் கார்பன் அணு வகைகளை) ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. மனிதர்கள் அங்கே கோடாரியோடு போவதற்கு வெகு காலம் முன்பு.

வியாழன்: பேரிஜம்

பேரிஜம் சாலைக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். காவலர் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். பளியர் சமூகத்தைச் சேர்ந்தவர், வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறார். எங்கள் வரைபடத்தைப் போனில் காட்டியதும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எந்த ஓடை எது, எந்த மேடு எது என்று விரல் வைத்துச் சொன்னார்.

சாலையின் இரண்டு பக்கமும் பைன். தரையில் ஊசி இலை மெத்தையாகக் கிடக்கிறது, அதற்கு மேல் புல் இல்லை. பைன் முடிந்தால் சீகை, சீகை முடிந்தால் தைலம். கருஞ்சீகையும் வெள்ளிச்சீகையும் ஆஸ்திரேலிய மரங்கள். பட்டையில் இருக்கும் டானின் தோல் பதனிடத் தேவைப்பட்டது. விறகும் கூழ் மரமும் தேவைப்பட்டன. மரமில்லாத மேடுகள் வீணாகக் கிடப்பதாகக் கருதி, போன நூற்றாண்டில் ஏக்கர் ஏக்கராகப் புல்வெளியில் நட்டார்கள். நட்டவர்கள் அன்றைக்கு நல்லதென்று நம்பித்தான் நட்டார்கள். ஆனால் சீகை நட்ட இடத்தோடு நிற்கும் மரம் இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ மொத்தமாக முளைக்கும்.

"எங்கப்பா காலத்துல இந்த மேடு பூரா புல்லு தம்பி" என்றார் காவலர் அண்ணன். "காட்டுமாடு நின்னா அந்தாண்ட மலையில இருந்து கண்ணுக்குத் தெரியும். இப்ப பத்தடில நின்னாலும் தெரியாது. இதுக்குள்ள அதுக்குத் திங்க என்ன இருக்கு? அதான் ஊருக்குள்ள வருது."

கொடைக்கானல் ஏரிச் சாலையில் காட்டுமாடு நடந்து போவதை இப்போது சுற்றுலாப் பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். காவலர் அண்ணன் சொன்ன காரணத்தைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் படங்களை ரசிக்க முடியவில்லை.

அவர் நினைவில் இருப்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அரசுமணி, ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்ட ஆய்வு பழனி மலையின் 40 ஆண்டு மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களையும் களப்பணியையும் வைத்துக் கணக்கிட்டது. இயற்கைப் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலையில் போனது 31 சதவீதம். ஒரு காலத்தில் இந்த மலையில் மிகப் பெரிய, தொடர்ச்சியான நிலப்போர்வையாக இருந்த புல், இன்று மிக அரிதான, துண்டு துண்டான ஒன்றாகிவிட்டது. அதன் இடத்தை எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் மரத்தோப்புகள், ஓரளவுக்கு விவசாயம். சோலை அழிகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது புல் என்பதை அந்த ஆய்வு எண்களோடு சொன்னது. லாண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் சேமிக்கப்பட்டு 2008 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டதால்தான் இப்படி 40 ஆண்டைத் திரும்பிப் பார்க்க முடிகிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது அரசுக் கணக்கு. இந்திய வன அளவை நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதமாவது மரக்கவிகை (மேலிருந்து தெரியும் இலைக்கூரை) இருந்தால் அது வனப்போர்வை. என்ன மரம், யாருடைய நிலம் என்பது அந்த வரையறையில் இல்லை. இந்தக் கணக்குப்படி புல்வெளியில் சீகை பரவினால் வனம் கூடியிருக்கிறது. சீகையை எடுத்துவிட்டுப் புல்லை மீட்டால் வனம் குறைந்திருக்கிறது. நல்ல வேலை செய்த அதிகாரியின் மாவட்டம் அறிக்கையில் காடு குறைந்த இடமாக வரும் என்றால், அந்த வேலையை யார் தொடங்குவார்கள்? மர அளவோடு கூட, இயற்கைப் புல்வெளி என்று தனியாக ஒரு வகையைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான படங்களும் முறைகளும் கையில் இருக்கின்றன.

பேரிஜம் ஏரிக்கு மேலே ஒரு பழைய சீகைத் தோப்பில் தோழி உட்கார்ந்து தரையைக் காட்டினார். சீகையின் நிழலில் வரிசையாகச் சோலை மரக் கன்றுகள். உறைபனியிலிருந்து சீகையின் கூரை அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. பழனி மலையின் பழைய தோப்புகள் பலவற்றில் இப்படிச் சோலை திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்நிய மரம் என்றதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டுவது சரியல்ல. இந்த இடத்தை வெட்டினால் சோலைக் கன்றும் போகும், மண்ணில் கிடக்கும் சீகை விதையும் கிளம்பும். மாறாக, புல்வெளிக்குள் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கும் இளம் சீகையை முதலில் பிடுங்க வேண்டும். எந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும் என்றால் வரைபடத்தில் சீகை என்று ஒரே வண்ணம் போதாது. பழைய தோப்பு, கன்றுள்ள தோப்பு, புதிதாகப் பரவியது என்று பிரிக்க வேண்டும். அந்தப் பிரிவை இன்று முதல் குறிப்பேட்டில் சேர்த்துவிட்டோம்.

ஏரியின் தண்ணீர் கீழே பெரியகுளத்துக்குப் போகிறது. மழைக்காலத்தில் மேட்டுப் புல் பிடித்து வைத்து மெல்ல விடும் தண்ணீர் அது.

வெள்ளி: பூம்பாறை, மன்னவனூர்

பூம்பாறை தூரத்திலிருந்தே தெரியும். மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊரில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள்.

எங்கள் வரைபடத்தில் அதிகச் சந்தேகம் இருந்த இடம் இந்தப் பகுதிதான். பிப்ரவரியில் மேட்டுப் புல் காய்ந்து பழுப்பாகிவிடும். சோலை எப்போதும் பச்சை. அதனால் புல்லையும் மரத்தையும் பிரிக்க இதுவே நல்ல மாதம், வானத்தில் மேகமும் குறைவு. ஆனால் அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் வயலும், ஆடு மாடு மேய்ந்து குட்டையான புறம்போக்கும், யாரும் தொடாத இயற்கைப் புல்வெளியும் இதே மாதத்தில் ஒரே பழுப்பு. ஒரே ஒரு நாள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்கவே முடியாது.

ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால் பிரிக்கலாம். இரண்டு சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஒரே இடத்தை 5 நாளுக்கு ஒருமுறை கடந்து போகின்றன. மேகம் மறைத்தவற்றைக் கழித்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு நல்ல படம் மிஞ்சும். இலை பச்சையாக இருக்கும்போது சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் விகிதத்திலிருந்து தாவரக் குறியீடு ஒன்றைக் கணக்கிடுகிறோம். இயற்கைப் புல்வெளியில் அது மழையோடு ஏறி, பனியோடு இறங்கும். ஆண்டுக்கு ஒரு பெரிய அலைதான். வயலில் உழும்போது சட்டென்று விழும், பயிர் முளைத்ததும் ஏறும், அறுத்ததும் மறுபடி விழும். அந்த ஏற்ற இறக்கமே வயலுக்கு அடையாளம்.

பூண்டு காயப்போட்டிருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மேல இருந்து பாத்தா என் வயலு தெரியுமா?"

"தெரியும்க்கா. என்னைக்கு உழுதீங்கன்னு கூட ஏறக்குறைய சொல்லிடலாம்."

"அப்ப ஒண்ணு குறிச்சுக்க. அந்தா தெரியுதே அந்த மேலத்துண்டு, அதுல மூணு வருசமா நாங்க ஒண்ணும் போடல. காட்டுமாடு தொல்லை. புல்லு மொளச்சுப் போச்சு. அதப் போயி காடுன்னு போட்டுறாதீங்க, அப்புறம் எங்க நிலம்னு சொல்ல முடியாமப் போயிடும்."

இந்தப் பயணத்தில் கேட்டவற்றில் மிக முக்கியமான பேச்சு இது என்று நினைக்கிறேன். கணினி அந்த மேலத்துண்டை இயற்கைப் புல்வெளி என்றே காட்டியிருந்தது. அலை ஒன்றுதான், உழவு இல்லை. இனி அதற்கு விட்டுப்போன வயல் என்று தனி வகை. நிலப்போர்வை என்பது தரையில் என்ன இருக்கிறது என்று சொல்வது, யாருக்குச் சொந்தம் என்று சொல்வதல்ல. ஆனால் வரைபடம் ஓர் அலுவலகத்தின் மேசைக்குப் போனதும் இந்த வேறுபாடு மறைந்துபோகக்கூடும். அதனால் கிராமத்து நிலங்களின் மேல் வண்ணம் போடும்போது பட்டா எல்லையையும் மேலே காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். பூம்பாறை ஊர்க்காரர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்து, பிழை சொல்லச் சொல்லப் போகிறோம்.

மதியம் மன்னவனூர். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இங்கே இருக்கிறது. ஏரியைச் சுற்றிப் பச்சைச் சரிவுகள், படம் எடுப்பவர்கள் கூட்டம். பார்க்கப் புல்வெளிதான். ஆனால் தோழி முழங்காலிட்டு அரை மணி நேரம் புல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் பெரும்பகுதி மேய்ச்சலுக்கு ஏற்ற புல், கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் மேட்டில்தான் மலைக்கே உரிய கலவை இருக்கிறது என்றார். அந்த மேட்டில் குறிஞ்சிப் புதர்களும் இருந்தன. கடைசியாக 2018-இல் பூத்தவை, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். நடுவே சீகைக் கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. அந்தக் கன்றுகள் அப்படியே வளர்ந்தால் 2030-இல் இந்த மேட்டில் பூப்பதற்குக் குறிஞ்சி மிஞ்சுமா என்பது சந்தேகம்தான். புள்ளியைச் சிவப்பில் குறித்தோம்.

சனி: கூக்கல், எல்லைக் கற்கள்

இன்று சரணாலய எல்லை. கொடைக்கானல் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. தரையில் அது வெள்ளையடித்த கற்கள், ஓடைகள், மலை முகடுகள். பழைய காப்புக்காட்டு அறிவிக்கைகளில் இந்தக் கல்லிலிருந்து அந்த ஓடை வழியாக, அங்கிருந்து முகட்டின் மேல் என்று எழுத்திலேயே எல்லை சொல்லப்பட்டிருக்கும். அதைக் கணினிக் கோடாக மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. பழைய நில அளவைத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கோளம் என்ற பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, ஜிபிஎஸ் வேறொரு கணக்கை. முறையாக மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கோடு நூறு மீட்டருக்கு மேல் கூட நகர்ந்துவிடும். நூறு மீட்டர் என்பது இங்கே ஒரு குடும்பத்தின் வயல், அல்லது ஒரு சோலையின் பாதி.

காவலர் அண்ணன் முன்னால் நடந்து புதருக்குள் இருந்த கற்களைக் காட்டிக்கொண்டே போனார். நாங்கள் ஒவ்வொன்றாக இடம் குறித்தோம். கூக்கல் ஏரிக்கு மேலே உள்ள சோலையில் நீலகிரிக் கருமந்திகளின் குரல் விடாமல் கேட்டது. வேறு சொல்வதற்கு இன்று அதிகமில்லை, நடைதான்.

ஒன்று மட்டும். 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட குன்மிங்-மான்ட்ரியல் உடன்படிக்கை, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தையாவது பாதுகாக்க வேண்டும் என்கிறது. பரப்பைக் கூட்டிக் காட்டுவது எளிது. ஆனால் அதே இலக்கு, பாதுகாப்பு பயன் தருவதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கோட்டுக்கு உள்ளே இருக்கும் மேடு பத்து ஆண்டுக்கு முன் புல்லாக இருந்து இன்று சீகையாக மாறியிருந்தால், பரப்பில் ஒரு சென்ட் கூடக் குறையாது. உள்ளே என்ன மாறுகிறது என்பதை ஆண்டுதோறும் பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிறு: பறவைகள், பிறகு பழனி வழியாகக் கீழே

விடியலில் பறவைக் கணக்கு. நிலப்போர்வை வரைபடம் வாழிடத்தைத்தான் காட்டும், அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதை நேரில்தான் அறிய வேண்டும். ஒரு புள்ளியில் குறிப்பிட்ட நேரம் அசையாமல் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் எழுதினோம். ஆள் போக முடியாத நாட்களுக்காகச் சில மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளும் கட்டியிருக்கிறோம்.

சோலை ஓரத்தில் பழனிச் சிரிப்பான்களின் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சிறிய பாடும் பறவை) மெல்லிய சீழ்க்கை. இந்தச் சோலைக்கிளிகளுக்கென்று 2017-இல் ஷோலிகோலா என்று தனிப் பேரினமே வகுத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஓர் இனம், வடக்கே வேறோர் இனம். ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகாத பறவைகள். சோலை துண்டானால் அவையும் துண்டாகிவிடும்.

புல்வெளியில் நாங்கள் தேடியது நீலகிரி நெட்டைக்காலியை. உயர்ந்த மேட்டுப் புல்லில் மட்டும் தரையில் கூடு கட்டும் சிறிய பழுப்புப் பறவை. மரம் வந்தால் அது அங்கே இருக்காது. இன்று காணவில்லை. வரையாட்டுக்கும் இதே புல்தான் வேண்டும். வரையாட்டுக்காகத் தமிழக அரசு 2022-இல் தனித் திட்டம் அறிவித்திருக்கிறது. அதோடு நெட்டைக்காலி போன்றவையும் பயன்பெற வேண்டுமானால், மிஞ்சியிருக்கும் புல் துண்டுகள் எவை, அவற்றில் எதெல்லாம் ஒன்றோடொன்று சேரக்கூடிய தொலைவில் இருக்கின்றன என்ற பட்டியல் முதலில் வேண்டும்.

அந்தப் பட்டியலின் முதல் வரைவைப் பழனிக்கு இறங்கும் வழியில் ஜீப்பிலேயே தொடங்கிவிட்டோம். கணினி சொன்னதையும் நாங்கள் கண்டதையும் அட்டவணையில் எதிரெதிரே வைத்துப் பார்த்ததில், சோலையும் பைனும் நம்பும்படி வந்திருக்கின்றன. சீகையும் சோலையும் சில சரிவுகளில் இன்னும் குழம்புகின்றன, குறிப்பாக நிழல் விழும் வடக்குச் சரிவுகளில். ரேடார் படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். புல்வெளி வகையை விட்டுப்போன வயலிலிருந்து பிரித்து மறுபடி ஓட்ட வேண்டும். அதன்பின் சிவப்பில் குறித்த மேடுகளை மட்டும் தனித் தாளாக்கி வனத்துறையிடம் கொடுக்கிறோம். இளம் சீகை புல்லுக்குள் நுழைந்திருக்கும் அந்த மேடுகளில் இந்த ஆண்டே கையால் பிடுங்கினால் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

முழங்கால் உயரக் கன்றுகள் 10 மீட்டர் கட்டத்தில் தெரியாது, நடந்துதான் எண்ண வேண்டும். மழை முடிந்ததும் இதே புள்ளிகளுக்குத் திரும்ப வருவோம். திண்டுக்கல், பழனி, கொடைக்கானல் பக்கம் இருக்கும் நண்பர்கள் சேர்ந்துகொள்ள விரும்பினால் சொல்லுங்கள். வனத்துறை அனுமதிக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், ஆகவே செப்டம்பருக்குள் சொன்னால் நல்லது. செடி, பறவை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேடேறி நடக்க முடிந்தால் போதும்.